அம்மாவுக்கு ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்: மார்பகத்தை முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா?

மன்னை மகள் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டுத் தையல் வேலை செய்கிறார். வலது மார்பகத்தின் வெளிப்புறத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, வலி இல்லாததால் சில வாரங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இப்போது மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், ஊசி பயாப்சி மூன்றும் முடிந்து, புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது.

அறிக்கையில் உள்ளவற்றை அப்படியே தருகிறேன். கட்டியின் அளவு 1.8 செ.மீ.; இன்வேசிவ் டக்டல் கார்சினோமா (பால் நாளத்தில் தொடங்கிச் சுற்றியுள்ள திசுவில் ஊடுருவிய புற்றுநோய்); கிரேடு 2 (மூன்று படிகளில் நடுத்தரம்); ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பி) 90 சதவீதம்; பிஆர் (புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பி) 60 சதவீதம்; ஹெர்2 2+; கி-67 (செல்கள் பெருகும் வேகத்தின் அளவு) 18 சதவீதம். அக்குளில் சந்தேகப்படும்படியாக எதுவும் தெரியவில்லை என்று ஸ்கேன் கூறுகிறது. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை.

நாங்கள் முதலில் பார்த்த அறுவை மருத்துவர், வருகிற வாரமே மார்பகத்தை முழுவதுமாக எடுத்து, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றிவிடலாம் என்றார். மாமாவும் சித்தப்பாவும், ‘வைத்துக்கொண்டு பயப்படுவதைவிட எடுத்துவிடுவதே நல்லது’ என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். ஆனால் இந்த அளவுள்ள கட்டிக்கு மார்பகத்தைக் காப்பாற்றி அறுவை செய்யலாம் என்று பல இடங்களில் படித்தேன். இரண்டில் எது உயிருக்குப் பாதுகாப்பு, எதை எந்த வரிசையில் முடிவு செய்ய வேண்டும் என்பதை அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.


நொய்யல்:

சகோதரி, உங்கள் அம்மாவின் அறிக்கையைப் படித்தபோது என்னுடைய பழைய கோப்பை மறுபடி புரட்டிப் பார்த்தது போல இருந்தது. எனக்கும் ஏறத்தாழ இதே அளவு, இதே கிரேடு. கட்டியை மட்டும் எடுத்து, அதன்பின் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டேன். பல ஆண்டுகளாக நலமாக இருக்கிறேன். அதற்காக நீங்களும் இதையே செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் உடம்பு வேறு, உங்கள் அம்மாவின் உடம்பு வேறு.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நாளைக்கே அறுத்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பரபரப்பது இயல்பு. இந்தக் கட்டி உங்கள் அம்மாவின் உடலில் இன்று நேற்று தோன்றியதன்று. கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளரவே அது நெடுங்காலம் எடுத்திருக்கும். ஆகவே சரியான சோதனைகளுக்கும் இன்னொரு மருத்துவரின் கருத்துக்கும் இரண்டு மூன்று வாரங்கள் எடுத்துக்கொள்வதால் நோய் கைமீறிப் போய்விடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுப்பது ஏன், முதல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கும் வசதி அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். கதிர்வீச்சு எத்தனை நாள், எந்த ஊரில் என்று கேளுங்கள். பயாப்சி செய்த ஆய்வகத்திலிருந்து ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டைகளையும், அதாவது பாரஃபின் பிளாக்குகளையும், கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.


கொல்லிச்சாரல்:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். என் மனைவிக்கு மார்பகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு இருந்தும், முழுவதும் அகற்றுவதையே அவர் தேர்ந்தெடுத்தார். எங்கள் ஊரிலிருந்து கதிர்வீச்சு உள்ள மருத்துவமனைக்கு நாள்தோறும் போய்வருவது இயலாது. அங்கேயே தங்கவும் ஆள் இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தப் பக்கத்தில் மறுபடி ஏதாவது வருமோ என்று ஒவ்வோர் ஆண்டும் பயந்துகொண்டிருக்க முடியாது என்று அவரே சொன்னார். இன்று அந்த முடிவைப் பற்றி அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. மார்பகத்தை அகற்றுவது பழைய காலத்து வழி, அறியாதவர்கள் செய்வது என்பது போன்ற பேச்சு இணையத்தில் மிகுந்துவிட்டது. அது சரியன்று. முழுவதும் அகற்றுவதும் முறையான சிகிச்சையே.


ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:

நண்பர் கொல்லிச்சாரல் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவருடைய மனைவி முடிவு எடுத்த முறையே சரியான முறை. எனினும் கேள்வி கேட்டிருப்பவருக்குச் சில அடிப்படைகளை விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில், அந்த அறிக்கை இன்னும் முழுமையாகவில்லை. ஹெர்2 என்பது புற்றுநோய்ச் செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதம். 2+ என்பது ‘இருக்கிறது’ என்றும் சொல்ல முடியாத, ‘இல்லை’ என்றும் சொல்ல முடியாத நிலை. 0 அல்லது 1+ என்றால் ஹெர்2 எதிர்ப்பு ஊசிக்கு வேலை இல்லை, 3+ என்றால் வேலை உண்டு. 2+ என்றால் அதே பயாப்சித் துண்டில், ஹெர்2 மரபணு மிகுந்திருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் என்ற சோதனையைச் செய்தாக வேண்டும். ஃபிஷ் பாசிட்டிவ் என்றால் சிகிச்சையின் வடிவமே மாறும்: டிராஸ்டுசுமாப் என்ற ஹெர்2 எதிர்ப்பு ஊசி ஓராண்டு, அதனுடன் தொடக்கத்தில் பாக்ளிடாக்சல் கீமோ, இடையிடையே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். 2 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிக்கு அப்போதும் பெரும்பாலும் அறுவையே முதலில் வரும். கட்டி அதைவிடப் பெரிதாக இருந்தாலோ முடிச்சில் நோய் இருந்தாலோ மருந்தை முதலில் கொடுத்து, அறுவையைப் பின்னால் வைப்பார்கள். ஆகவே ஃபிஷ் முடிவு கையில் வருமுன் அறுவைக்கு நாள் குறிக்காதீர்கள்.

இரண்டாவது, மார்பகத்தை எவ்வளவு அகற்றினால் உயிர் காக்கப்படும் என்ற கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், நோய் படிப்படியாக வெளிநோக்கிப் பரவுகிறது என்று கருதி, மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குளையும் சேர்த்து அகற்றினார். முக்கால் நூற்றாண்டுக்கு அதுவே வழக்கமாக இருந்தது. பின்னால் வந்த இன்னோர் அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் அதை ஏற்கவில்லை. உயிரைப் பறிக்கும் பரவல் நடப்பதாக இருந்தால் அது தொடக்கத்திலேயே இரத்தத்தின் வழியாக நடந்திருக்கும், மார்பில் கூடுதலாக வெட்டுவதால் அது தடுக்கப்படாது என்பது அவர் வாதம். அதைச் சோதிக்க 1976-இல் அவர் தொடங்கிய ஆய்வில் 1,851 பெண்களின் தரவுகள் பின்னர் பகுத்தாராயப்பட்டன. இத்தாலியில் மிலான் நகரில் அறுவை மருத்துவர் உம்பர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடம் அதே கேள்வியை ஆராய்ந்தார். இரண்டு ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகளும் 2002-இல் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தன. மார்பகத்தை முழுவதும் அகற்றியவர்களும், கட்டியை மட்டும் அகற்றியவர்களும் ஒரே அளவுக்குத்தான் உயிர் பிழைத்திருந்தார்கள்.

ஒரு வேறுபாடு இருந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14.3 சதவீதமாகக் குறைந்தது. இன்றைய மருந்துகளுடன் இந்த எண்ணிக்கை இன்னும் குறைவு. ஆகவே மார்பகத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தால் கதிர்வீச்சும் அதில் அடங்கும். அதற்கு வர இயலாது என்றால் முழுவதும் அகற்றுவதே நேர்மையான பரிந்துரை. அதேபோல, மார்பகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளில் நோய் இருந்தாலோ, மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் பரவலாகத் தெரிந்தாலோ, மார்பகத்தின் அளவை நோக்கக் கட்டி பெரிதாக இருந்தாலோ, முன்பே நெஞ்சில் கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ முழு அகற்றலே பொருத்தமாக இருக்கும். நீங்கள் எழுதியதிலிருந்து இவற்றில் எதுவும் உங்கள் அம்மாவுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது அக்குள். உண்மையில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஸ்கேனில் முடிச்சுகள் இயல்பாக இருக்கும்போது அக்குளை முழுவதும் சுத்தம் செய்ய வேண்டிய தேவை இன்று இல்லை. நீலச் சாயத்தையோ, சிறிதளவு கதிரியக்கப் பொருளையோ, இரண்டையுமோ மார்பகத்தில் செலுத்தினால், நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகள் அடையாளம் தெரியும். அவற்றை மட்டும் எடுத்துச் சோதிப்பதைச் சென்டினல் முடிச்சு பயாப்சி என்கிறோம். அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும்கூட, மார்பகத்தைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கு மேலும் எடுக்காமல் விடலாம் என்பதை இசட்-0011 என்ற ஆய்வு காட்டியது. சாயமும் கருவியும் இல்லாத இடங்களுக்காக, அக்குளின் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையை மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆராய்ந்து பழக்கத்தில் வைத்திருக்கிறது. முழு அக்குளையும் அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. சென்டினல் மட்டும் என்றால் இருபதில் ஒருவர் அளவில்தான். உங்கள் அம்மா வலது கையால் துணியைத் தள்ளித் தைப்பவர். அவருக்கு இது அழகைப் பற்றிய கேள்வியன்று, பிழைப்பைப் பற்றிய கேள்வி.


செவிலியர் பொன்னி:

மருத்துவர் ஐயா எல்லாவற்றையும் தெளிவாக எழுதிவிட்டார். நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன். மாமா என்ன சொல்கிறார், சித்தப்பா என்ன சொல்கிறார், நீங்கள் என்ன படித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன சொல்கிறார் என்பது எங்கேயும் இல்லையே. அவருக்கு என்ன நோய் என்பது தெரியுமா?


மன்னை மகள்:

தெரியாது. கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும் என்ற அளவில்தான் சொல்லி வைத்திருக்கிறோம். புற்றுநோய் என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார், சாப்பிடாமல் கிடப்பார், சர்க்கரை ஏறிவிடும் என்று மாமா சொன்னதால் மருத்துவரிடமும் அப்படியே கேட்டுக்கொண்டோம். அறுவை முடிந்த பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஃபிஷ் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன்; அறுவைக்குக் குறித்திருந்த நாளையும் தள்ளி வைத்துவிட்டேன்.


செவிலியர் பொன்னி:

மறைக்க வேண்டும் என்று நினைப்பது அன்பினால்தான் என்பது எனக்குப் புரிகிறது. புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில், ‘அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர்’ என்று கதவுக்கு வெளியே கை பிடித்துக் கேட்ட மகன்களையும் மகள்களையும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவுக்கு முன்னால் இருப்பது, அவர் உடம்பைப் பற்றி அவர் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு. மார்பகம் வேண்டுமா, வேண்டாமா. மூன்று வாரம் வெளியூரில் தங்கிக் கதிர்வீச்சு எடுக்கச் சம்மதமா. நோய் திரும்பும் சிறிய வாய்ப்பைப் பொறுத்துக்கொள்வாரா, அல்லது அதற்காக ஓர் உறுப்பை இழக்கத் தயாரா. என்ன நோய் என்றே தெரியாதவர் இவற்றுக்கு எப்படிப் பதில் சொல்வார்? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். படித்துத் தெரிந்துகொண்டு போடாத கையெழுத்துக்கு என்ன பொருள்?

மயக்கம் தெளிந்து கட்டை அவிழ்க்கும்போது ஒரு பக்கம் இல்லை என்பதை ஒரு பெண் முதன்முதலாக அறிந்துகொள்வதை நான் அருகே நின்று பார்த்திருக்கிறேன். அந்த அம்மா அழவில்லை. தன் மகளைத் திரும்பிப் பார்க்க மறுத்துவிட்டார். அவர்களுக்குள் பேச்சு சரியாவதற்கு நோயைக் குணப்படுத்தியதைவிட அதிக காலம் பிடித்தது.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். வீடு நிறைய ஆட்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். சொன்ன கையோடு, இது சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டது, குணப்படுத்தும் நோக்கத்துடன்தான் சிகிச்சை தருகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். அதன்பின் நீங்கள் பேசாதீர்கள், அவர் கேட்கட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவர் உள்ளே உட்கார்ந்திருக்க, மாமா வெளியே காத்திருக்கட்டும்.


வேம்பு:

இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பகுதியில் ஒரு வைத்தியர் கட்டியைக் கரைக்க மருந்து தருகிறார் என்று பலர் போகிறார்கள். கட்டி சிறியதாக இருக்கும்போது மூன்று நான்கு மாதம் அதை முயன்று பார்த்து, கரையாவிட்டால் அறுவைக்குப் போனால் என்ன? சர்க்கரை உள்ளவருக்குக் கத்தி வைப்பதும் ஆபத்துதானே.


ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:

கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. பலர் மனத்தில் இருப்பதையே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு முறையான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மார்பகப் புற்றுநோயில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, முறையான சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நீங்கள் சொல்லும் அந்த மூன்று நான்கு மாதத்தில் 1.8 செ.மீ. கட்டி 3 செ.மீ. ஆகலாம், அக்குளுக்கும் போகலாம். அப்போது கீமோ இல்லாமல் முடித்திருக்கக்கூடிய ஒருவருக்குக் கீமோ தேவைப்படும். சர்க்கரையை அறுவைக்கு முன் கட்டுக்குள் கொண்டுவருவது அன்றாடம் நடக்கும் வேலை. அதற்காக அறுவையை யாரும் கைவிடுவதில்லை. மனநிறைவுக்காக ஏதாவது கஷாயம் குடிப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். சிலவற்றால் கல்லீரல் கெட்டு, கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுக்க முடியாமல் போனதைக் கண்டிருக்கிறேன்.


காப்பீட்டு மேசை:

செலவைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் திட்டத்தில் உள்ளன; ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். சேர்ந்த பிறகு அட்டையைக் காட்டுவதைவிட, சேருவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் பேசிவிடுவது நல்லது. எல்லாச் சோதனைகளும் இதில் அடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எது உள்ளே, எது வெளியே என்று முதலிலேயே கேளுங்கள்.

இரண்டாவது கருத்துக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கியது. மருத்துவர் சாந்தா தம் வாழ்நாளை அதற்கே கொடுத்தார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரில் போக இயலாதவர்களுக்கு, தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பின் இணையவழிச் சேவையில் அறிக்கைகளை ஏற்றிக் கருத்துப் பெறும் வசதியும் உண்டு. சென்னைக்குப் போவதானால் மன்னை எக்ஸ்பிரஸ் உங்கள் ஊரிலிருந்தே கிளம்புகிறது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ரயில்வே முழுச் சலுகை தருகிறது. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.


மன்னை மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஃபிஷ் முடிவு வந்துவிட்டது, நெகட்டிவ். மேமோகிராமையும் ஸ்லைடுகளையும் இன்னொரு மருத்துவமனையில் காட்டினோம். மார்பகத்தைக் காப்பாற்றி அறுவை செய்யலாம், சென்டினல் முடிச்சு பயாப்சியும் அங்கே செய்கிறார்கள் என்று கூறினார்கள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டார். நோய்க்காகக் கோபப்படவில்லை, தன் தம்பிக்கு முன்பே தெரிந்து தனக்குத் தெரியாமல் இருந்ததற்காகக் கோபப்பட்டார். அன்று மாலை முழுவதும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவராகவே வந்து முதலில் கேட்டது மார்பகத்தைப் பற்றியன்று, கையைப் பற்றி. எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் மார்பகம் எடுக்கப்பட்ட இரண்டு பெண்களுக்கு அம்மாதான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். உள்ளே பஞ்சு வைத்து ஒரு பை போலத் தைக்க வேண்டும். அதில் ஒருவருக்கு ஒரு கை மட்டும் வீங்கிக்கொண்டே போய், அந்தப் பக்கக் கைத்துணியை இரண்டு அங்குலம் கூட்டி வெட்ட வேண்டியிருந்ததாம். அந்தப் பெண் நடவுக்குப் போவதை விட்டுவிட்டார். ‘பை வைத்துத் தைத்துக்கொள்ள எனக்குத் தெரியும், கை போனால் யார் தைப்பது?’ என்று அம்மா கேட்டார். இது எங்கள் யாருக்குமே தெரியாத செய்தி.

மருத்துவரிடம் அவரே பேசினார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அக்குளில் சாயம் போகும் முடிச்சுகளை மட்டும் எடுங்கள் என்றார். மூன்று வாரக் கதிர்வீச்சுக்குத் திருச்சியில் சின்னம்மா வீட்டில் தங்குவதாக அவரே ஏற்பாடு செய்துவிட்டார். மாமாவுக்கு இன்னும் மனக்குறைதான், ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

எனக்கு மீதமுள்ள கேள்வி கீமோவைப் பற்றியது. மரபணுச் சோதனை ஒன்று செய்தால் கீமோ வேண்டுமா என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். விலை லட்சங்களில் இருக்கிறது. கடன் வாங்கியாவது செய்ய வேண்டுமா?


ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:

அவசரப்பட்டுக் கடன் வாங்காதீர்கள். அறுவைக்குப் பின் வரும் முழு பயாப்சி அறிக்கைதான் இதற்கு அடிப்படை. நீங்கள் குறிப்பிடுவது ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற 21 மரபணுச் சோதனையாக இருக்கும். ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், முடிச்சில் நோய் இல்லாதவர்களிடம் அதை வைத்து நடந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில், சோதனை தரும் மதிப்பெண் 25 வரை இருந்தால் ஹார்மோன் மாத்திரையுடன் கீமோவைச் சேர்ப்பதால் பயன் இல்லை என்பது அதன் முடிவு. 50 வயதுக்குட்பட்டவர்களில் 16 முதல் 25 வரை மதிப்பெண் உள்ளவர்களுக்குச் சிறிது பயன் தெரிந்தது. ஆகவே இளம்பெண்கள் இதை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது.

உங்கள் அம்மாவுக்கு இறுதி அறிக்கையிலும் கட்டி 2 செ.மீ.க்குள், கிரேடு 2, முடிச்சு சுத்தம் என்று வந்தால், சோதனை செய்யாமலேயே அவரைக் குறைந்த ஆபத்துள்ளவர் என்று கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. பல மருத்துவமனைகளில் டியூமர் போர்டு, அதாவது பல துறை மருத்துவர்களின் குழு, கூடி அப்படித்தான் முடிவு செய்கிறது. கிரேடு 3 என்றோ, ஒரு முடிச்சில் நோய் என்றோ வந்தால் சோதனைக்கு மதிப்பு கூடும். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்ற சோதனை விலை குறைவு. ஆனால் டெய்லர்-எக்ஸ் போன்ற பெரிய ஆய்வின் வலு அதற்கு இன்னும் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அவரை நீண்ட காலத்துக்குக் காக்கப்போவது ஹார்மோன் மாத்திரை. மாதவிடாய் நின்றவர் என்பதால் பெரும்பாலும் லெட்ரோசோல் 2.5 மி.கி., நாள்தோறும் ஒன்று, குறைந்தது ஐந்தாண்டு. விலை அதிகமில்லை. காலையில் எழும்போது விரல்களும் முழங்காலும் விறைத்துக்கொள்ளலாம். எலும்பு அடர்த்தி குறையும். பலர் இந்த வலிக்காகவே யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தக் கூடாது. தாங்க முடியாவிட்டால் அதே வகையில் வேறு மாத்திரையோ, டமாக்ஸிஃபெனோ மாற்றித் தர வழி இருக்கிறது. தொடங்கும் முன் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.


மன்னை மகள்:

அறுவை நல்லபடியாக முடிந்தது. இறுதி அறிக்கையில் கட்டி 1.9 செ.மீ., கிரேடு 2, எடுத்த பகுதியின் ஓரங்கள் எல்லாப் பக்கமும் சுத்தம். எடுத்த இரண்டு முடிச்சுகளிலும் நோய் இல்லை. டியூமர் போர்டில் கீமோ தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். மரபணுச் சோதனை செய்யவில்லை. கதிர்வீச்சு 15 தடவை. ஐந்தே தடவையில் முடிக்கும் முறையும் இருக்கிறதே என்று அம்மாவே கேட்டார். இங்கிலாந்தில் செய்த ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வைப் பற்றி மருத்துவர் விளக்கி, இங்கே 15 தடவை முறையில்தான் தங்களுக்குப் பழக்கம் அதிகம் என்று சொன்னதை அம்மா ஏற்றுக்கொண்டார். டெக்ஸாவில் எலும்பு அடர்த்தி சற்றுக் குறைவு. கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்திருக்கிறார்கள். கதிர்வீச்சு முடிந்ததும் லெட்ரோசோல் தொடங்கும். எப்போது மிஷினில் உட்காரலாம் என்று தினமும் கேட்கிறார். என்ன சொல்வது?


செவிலியர் பொன்னி:

மிக்க மகிழ்ச்சி. தையல் பிரித்து, காயம் ஆறி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறது என்றால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் உட்காரலாம். முதலில் ஓரம் அடிப்பது, கொக்கி வைப்பது போன்ற இலேசான வேலைகள் போதும். கனமான துணியை இழுத்துத் தள்ளும் வேலை பிறகு. கதிர்வீச்சு மேசையில் கையை மேலே தூக்கி அசையாமல் படுத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே சுவரில் விரல்களை மெல்ல ஏற்றும் பயிற்சியை இப்போதே தொடங்கட்டும்.

கதிர்வீச்சு படும் இடத்தில் மஞ்சளும் பவுடரும் வேண்டாம். மருத்துவமனையில் சொல்லும் களிம்பு மட்டும் போதும். உள்ளாடை இறுக்காமல் பருத்தியில் இருக்கட்டும். அதைத் தைத்துக்கொள்ள உங்கள் அம்மாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சர்க்கரை உள்ளவர் என்பதால் வலது கையில் ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். விரலுறை போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். குத்திவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, சிவந்தாலோ சூடாக இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கைக்கு மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் அடையாளம் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை இரண்டு கைகளையும் இஞ்ச் டேப்பால் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். இரண்டு கைகளுக்கும் இடையிலான வித்தியாசம் முதல் அளவைவிடக் கூடிக்கொண்டே போனால், வீக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காமல் பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்லுங்கள்.